தாத்தா 80 – விழாக் குழு

கண்ணன் (ஆன் ஆர்பர், அமெரிக்கா): அண்ணே, டிக்கெட் போடுவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். ஜூலை 3 முதல் 6 வரை யாழினிக்கு சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) போட்டி. அணியில் பந்து வீச இவளை விட்டால் ஆள் இல்லை. நானும் மீனாவும் மட்டும் வரலாமா? அவள் தோழி வீட்டில் இருந்துகொள்வாள்.

சரசு: ஜூலை 6 தானே விழா

கண்ணன்: அதனால்தான் அக்கா கேட்கிறேன்

குமார்: மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. தேதியை மாற்ற முடியாது. ரசீது கார்த்தியிடம்.

கார்த்தி: என்னிடம் இல்லை மாமா

குமார்: உன் பைக் பெட்டியில் வைத்தேன்

கார்த்தி: அடுத்த வெள்ளிக்குத் தள்ளலாமா

சரசு: மண்டபம் இல்லை. அதற்கு மேல் போனால் ஆடி.

சந்திரன் பி.டி. மாஸ்டர்: யாரும் அவசரப்பட வேண்டாம். பொறுமையாகப் படியுங்கள். யாழினி இருப்பது சாதாரண ஊர் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பரில்தான் இருக்கிறது. அங்கே கரோல் ஹட்சின்ஸ் என்ற அம்மையார் 1985 முதல் 2022 வரை 38 பருவங்கள் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். ‘ஹட்ச்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வாழ்நாள் வெற்றி 1,707. அதில் மிச்சிகனுக்கு மட்டும் 1,684. ஒரு பருவத்தில்கூடத் தோல்வி வெற்றியை மிஞ்சியதில்லை. நான் 31 வருடம் சர்வீஸ் பார்த்தவன், அதன் கஷ்டம் எனக்குத் தெரியும். (1/3)

குமார்: ஹட்ச் என்றால் நாய்க்குட்டி பின்னாலேயே வருமே, அந்தப் பழைய செல்போன் விளம்பரமா

கார்த்தி: 😂😂

கார்த்தி: 1/3 என்பதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது அப்பா

யாழினி: பெரியப்பா, அவர் பெயரையே ஸ்டேடியத்துக்கு வைத்திருக்கிறார்கள். நான் அங்கே போயிருக்கிறேன்.

யாழினி: [படம்]

சரசு: கண்ணு இளைத்துவிட்டாய்

குமார்: சமையல் ஆள் போன் செய்தார். 200 இலை போதுமா?

சரசு: 250 சொல்லுங்கள். கண்ணு, அந்தப் பந்து மெத்தென்று இருக்குமா?

யாழினி: பெயர் மட்டும்தான் சாஃப்ட், அத்தை

யாழினி: [படம்]

சரசு: ஐயோ! முழங்காலுக்கு மேலே என்ன இது

சரசு: தையல் போட்ட மாதிரி இருக்கிறதே!!

யாழினி: தையல் இல்லை அத்தை, பந்தில் இருக்கும் நூல் வரி. மூன்று நாளாக அப்படியே பதிந்திருக்கிறது. நான்தான் எல்லோருக்கும் காட்டுகிறேன் 😎

மீனா: மஞ்சள் பற்று போடலாம் என்றேன். ஐஸ் போதுமாம்.

சந்திரன் பி.டி. மாஸ்டர்: மிச்சிகன் பனி கொட்டும் ஊர். பருவம் பிப்ரவரியில் தொடங்கும்போது மைதானம் வெள்ளையாகக் கிடக்கும். முதல் சில வாரம் வெயில் இருக்கும் மாநிலங்களுக்குப் பறந்து போய்த்தான் ஆட வேண்டும். அதனால் வெயில் ஊர்க் கல்லூரிகள்தான் தேசியக் கோப்பையை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தன. 2005 வரை மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஒரு கல்லூரிக்கும் கிடைக்கவில்லை. அந்த வருடம் ஓக்லஹோமா சிட்டியில் இறுதிப் போட்டி, எதிரணி யு.சி.எல்.ஏ. மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் 0–5 தோல்வி. இரண்டாவது 5–2 வெற்றி. மூன்றாவது 7 இன்னிங்ஸில் (அணிக்கு 7 தடவை பேட்டிங்) முடிய வேண்டியது, 1–1 என்று 10 வரை இழுத்தது. அப்போது சமந்தா ஃபின்ட்லே என்ற முதலாண்டு மாணவி ஒரே அடியில் மூன்று ரன். 4–1. ஹட்ச் தலைமைப் பயிற்சியாளராகி 21ஆவது பருவத்தில் கிடைத்த கோப்பை. நம் ஊரில் மூன்று வருடம் கோப்பை இல்லை என்றால் மாஸ்டரை மாற்றல் செய்துவிடுவார்கள். (2/3)

குமார்: மச்சான், பால் பாயசமா, அடைப் பிரதமனா

சந்திரன் பி.டி. மாஸ்டர்: (3/3) முக்கியமான விஷயம். இந்த அம்மையார் மாணவியாக இருந்தது மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். கூடைப்பந்தும் ஆடினார். ஆண்கள் அணிக்கு ஒரு சாப்பாடு, ஒரு தங்குமிடம். பெண்கள் அணிக்கு அதைவிட மட்டம். 1979இல் தோழிகளோடு சேர்ந்து பல்கலைக்கழகத்தின் மேலேயே வழக்குப் போட்டார். வழக்கே இவர் பெயரில்தான். ஒரு பெண் பிள்ளை வெளியூர் போய் ஆட வேண்டும் என்றால் அதற்கு வசதி செய்து தருவது பெரியவர்கள் கடமை. ஆகவே என் முடிவு, யாழினி ஆடட்டும்.

கண்ணன்: நன்றி அண்ணே 🙏

சரசு: 1983 தஞ்சாவூர்

கார்த்தி: என்ன தஞ்சாவூர்?

குமார்: கார்த்தி, நீ ரசீதைத் தேடு

சரசு: கோ-கோ. மாவட்டத்தில் ஜெயித்துவிட்டோம். பை கட்டி, வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்கு சாக்பீஸ் தேய்த்துத் திண்ணையில் வைத்திருந்தேன். கூட டீச்சர் வரவில்லை, மாஸ்டர் மட்டும்தான் வருகிறார் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னது யார் அண்ணே?

_இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

சந்திரன் பி.டி. மாஸ்டர்: அப்போது எனக்கு 17 வயது.

சரசு: எனக்கு 14. யாழினி வயசு.

குமார்: பால் பாயசம் என்றே சொல்லிவிடவா

யாழினி: பெரியப்பா நீங்களா? 😳

மீனா: யாழினி, போனை வை. தூங்கு.

சந்திரன் பி.டி. மாஸ்டர்: உண்மைதான் யாழினி. அதற்குப் பிறகு என் சர்வீசில் பெண் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போன ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் துணை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். துணை இல்லை என்று ஒரு பிள்ளையும் வீட்டில் நின்றதில்லை.

சரசு: தெரியும் அண்ணே. டீச்சர் கிடைக்காத நாலு தடவை நான்தானே வந்தேன்.

சரசு: கரூரில் கொசுக்கடி வேறு

கார்த்தி: அத்தை 👏👏

குமார்: அந்த நாலு தடவையும் வீட்டில் சமைத்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை

மீனா: அந்தப் பயிற்சியாளர் இப்போது என்ன செய்கிறார்?

சந்திரன் பி.டி. மாஸ்டர்: 2022 ஆகஸ்டில் ஓய்வு. பானி தோல் என்று ஒருவர். ஹட்ச்சிடமே விளையாடி, பிறகு பல வருடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அவரிடம் அணியைக் கொடுத்துவிட்டார். வெளியாள் இல்லை. நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு இரண்டு வருடம் ஆளே போடவில்லை.

கார்த்தி: தாத்தாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்

சரசு: உன்னை யார் சொல்லச் சொன்னது

கண்ணன்: என்ன சொன்னார்?

கார்த்தி: ஒரே கேள்விதான் கேட்டார். "துணைக்கு யார் இருக்கிறார்கள்?"

சரசு: 42 வருடமாக அதே கேள்வி

கார்த்தி: தோழியின் அம்மா இருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ஆட்டத்தை போனில் காட்ட முடியுமா என்றார்.

கண்ணன்: ஞாயிறு இங்கே காலை 9 மணி ஆட்டம் என்றால் அங்கே மாலை 6.30. விழா முடிந்து எல்லோரும் மண்டபத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

குமார்: மண்டபத்தை 4 மணிக்குக் காலி செய்ய வேண்டும்

யாழினி: சனிக்கிழமை ஜெயித்தால்தான் ஞாயிறு ஆட்டம்

மீனா: நீ இன்னும் தூங்கவில்லையா

கண்ணன்: அப்படியானால் டிக்கெட் இரண்டா மூன்றா? நாளைக்குள் போட வேண்டும், விலை ஏறுகிறது.

சந்திரன் பி.டி. மாஸ்டர்: அப்பாவிடம் நான் நேரில் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

சரசு: நானும் வருகிறேன். இந்தத் தடவை நீங்கள் தனியாகப் போய்ப் பேச வேண்டாம்.

கார்த்தி: ரசீது கிடைத்துவிட்டது

குமார்: பால் பாயசம் சொல்லியாயிற்று