வளைகுடாவிலிருந்து பாராமோட்டார் கொண்டுவந்து வாலிநோக்கத்தில் பறக்க முடியுமா?

கீழக்கரைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் சலாமும் வணக்கமும். ஷார்ஜாவில் ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். இங்கே பாலைவனத்தில் பாராமோட்டார் கற்றுக்கொண்டேன். முதுகில் இஞ்சின், தலைக்கு மேல் துணி இறக்கை, ஓடி ஏற வேண்டியதுதான். பயிற்சிச் சான்றும் கையில் இருக்கிறது. அடுத்த வருடம் ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறேன். இயந்திரத்தை விற்க மனம் வரவில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தில், வாலிநோக்கம் உப்பளத்துக்கு அப்பால் எங்களுக்குக் கொஞ்சம் தரிசு நிலம் உண்டு. பனைகள் ஓரத்தில்தான் நிற்கின்றன, நடுவில் வெறும் தரை. விடிந்ததும் ஏறி, கரையோரமாக ஏர்வாடி வரை போய்த் திரும்பலாம் என்று எண்ணம். ஆடு மேய்ப்பவரைத் தவிர ஆள் இல்லாத இடத்தில் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்கிறான் மச்சான். இஞ்சினை ஒரு பெட்டியிலும் இறக்கையை இன்னொரு பெட்டியிலும் போட்டு, இரண்டு பேர் தனித்தனியாகக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் தெரியாது என்பதும் அவன் யோசனைதான். உம்மா நான் இதையெல்லாம் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்கக் காணொளிகளில் இதற்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார்கள். நம் ஊரில் என்ன விதி? கடல் பக்கம் சிக்னல் கிடைக்காது என்பதால், பாதுகாப்புக்கு ஒரு சாட்டிலைட் போனும் வாங்கிவரலாம் என்றிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் விசைப்படகு எழுதியது:

எனக்கு விமானம் தெரியாது, காற்று தெரியும். நீங்கள் சொல்லும் விடியற்காலைதான் எனக்கு உறுத்துகிறது. இரவெல்லாம் குளிர்ந்த தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று இறங்கும் நேரம் அது. வாலிநோக்கம் தெற்குப் பார்த்த கரை. வடக்கிலிருந்து வரும் காற்று உங்களை மெதுவாகக் கடலுக்குள் தள்ளும். காற்று அமைதியாக இருப்பதால் தள்ளுவதும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்துவிட்டால் பகலிலும் இதே கதை.

மே கடைசியிலிருந்து தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் என்று வானிலைத் துறை எச்சரிக்கை விடாத வாரம் அந்தக் காலத்தில் குறைவு. உங்கள் துணி இறக்கை எவ்வளவு வேகம் போகும்?

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அப்போது கடலில் விழுந்தால் நாட்டுப்படகுக்காரர் யாராவது கண்ணில் பட வேண்டும். நாங்களே மீன்வளத் துறையின் டோக்கன் வாங்காமல் கடலுக்குப் போக முடியாது. ஆகாயத்துக்கு மட்டும் டோக்கன் இருக்காதா என்ன?

பழைய ஸ்பானர் எழுதியது:

தம்பி, பெங்களூரு ஜக்கூர் விமானத் திடலில் சிறு விமானங்களுக்கு இஞ்சின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மண்டபம் ஊரில் இருக்கிறேன். உங்கள் மச்சான் சொல்வதில் உண்மை இருக்கிறது. யாரும் வந்து கேட்க மாட்டார்கள், நீங்கள் தரையில் இருக்கும் வரை.

முதலில் அந்த அமெரிக்கக் கதை. அங்கே 1982இல் 103ஆம் பகுதி என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஒரே இருக்கை, வெறும் எடை 254 பவுண்டுக்குள், அதாவது 115 கிலோவுக்குள், எரிபொருள் 5 கேலனுக்கு மேல் கூடாது, முழு வேகம் 55 நாட், அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. இந்த அளவுக்குள் இருந்தால் லைசென்ஸும் பதிவும் வேண்டாம். அங்கும் பகலில் மட்டுமே பறக்கலாம், மக்கள் நெருக்கமாக வாழும் இடத்துக்கு மேலே போகக் கூடாது, விமான நிலையக் கட்டுப்பாட்டுக்குள் வரும் வான்வெளியில் முன் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. காணொளியில் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. நம் நாட்டில் அந்தச் சலுகையே கிடையாது. இஞ்சின் பூட்டி ஆளைச் சுமந்து பறந்தால் இங்கே அது விமானம்தான். 1934ஆம் வருட விமானச் சட்டம் போய், பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறியதால் உங்கள் பாடு இலகுவாகவில்லை. கொண்டுவருவதற்கும் பறப்பதற்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒப்புதல் வேண்டும், உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்புச் சரிபார்ப்பும் வேண்டும். இரண்டு பெட்டியில் பிரித்துக் கொண்டுவருவது இந்தச் சிக்கலைத் தீர்க்காது. சுங்கத்தில் இரண்டு பேரை மாட்டிவிடும், அவ்வளவுதான்.

சாட்டிலைட் போனைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். வளைகுடாவில் கடைகளில் கிடைக்கும் துரையா, இரிடியம் போன்றவற்றை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதே குற்றம். மலையேறுபவர்கள் வைத்திருக்கும் சிறிய சாட்டிலைட் செய்திக் கருவிக்கும் இதே கதிதான், அதைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். எல்லைக் கடற்கரையில் அப்படி ஒன்றோடு வானத்திலிருந்து இறங்குபவரை எந்தப் போலீஸ்காரர் உல்லாசப் பயணி என்று நம்புவார்?

இடத்தையும் பாருங்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, 2009இல் தொடங்கப்பட்ட கடற்படை விமானத் தளம். ஹெலிகாப்டரும் ஆளில்லா விமானமும் அங்கிருந்து இந்தக் கடலின் மேல் போய்வருகின்றன. மண்டபத்தில் கடலோரக் காவல்படை. தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த எல்லைக்கோடு அதற்கு இடையிலேயே ஓடுகிறது. உங்கள் வாலிநோக்கத்திலிருந்து கோடு தொலைவு என்பீர்கள். தாழப் பறந்துவரும் அடையாளம் தெரியாத பொருளின் மேல் ஊர்ப்பெயர் எழுதியிருக்காது. கீழே இருப்பதும் வெறும் கடல் இல்லை. மண்டபம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. இஞ்சின் நின்று அப்பா தீவில் இறங்கினால் உயிர் பிழைக்கும், பிறகு வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இஞ்சின் நிற்குமா என்று கேட்காதீர்கள். எப்போது நிற்கும் என்பதுதான் கேள்வி. ரோடாக்ஸ் நிறுவனமே தன் டூ ஸ்ட்ரோக் இஞ்சின் கையேட்டில், இது திடீரென்று நின்றுபோகக் கூடியது, நின்றால் இறங்க இடமில்லாத பகுதிக்கு மேலே பறக்காதே என்ற பொருளில் எச்சரிக்கை அச்சிட்டு விற்கிறது. தயாரித்தவன் சொல்வதை நம்பலாம். உங்கள் இறக்கை ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஆறேழு மீட்டர் முன்னே போகும் என்று வையுங்கள். ஆயிரம் அடி, அதாவது 300 மீட்டர் உயரத்தில் இஞ்சின் நின்றால், காற்றே இல்லாத வானில் 2 கிலோமீட்டர் கையில் இருக்கிறது. பாம்பன்காரர் சொன்ன வடகாற்று மணிக்கு 20 கிலோமீட்டர் எதிரே வீசினால், 40 கிலோமீட்டர் வேக இறக்கைக்கு அது பாதியாகிவிடும். கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருந்தால் தண்ணீரில்தான் இறக்கம். கச்சானில் 45 வீசும்போது நீங்கள் முன்னோக்கிப் பார்த்தபடி பின்னோக்கிப் போவீர்கள்.

தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று பாலைவனப் பயிற்சியில் சொல்லித் தந்தார்களா? முதுகில் இஞ்சினும் பெட்ரோலுமாக நல்ல பாரம். நுரைமெத்தை உள்ள இருக்கை முதலில் மிதந்து முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்க்கும். இறக்கையின் நூல்கள் மேலே வந்து விழுந்து, வலையில் அகப்பட்ட ஆமையைப் போல இறுக்கும். தானாக ஊதிக்கொள்ளும் மிதவையும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு வெட்டுக்கத்தியும் இல்லாமல் கரையோரத்தில்கூடப் பறக்கக் கூடாது.

இனி என் தொழில். நீங்கள் ஜெனரேட்டர் ஆள், புரியும். இங்கே பங்க்குகளில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. ரோடாக்ஸ் 912 போன்ற நல்ல ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சினுக்கே 10 சதவீதம் வரைதான் ஒப்புதல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலியும், கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாவிட்டால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஈரக்காற்றில் திறந்துவைத்தால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் பிரிந்து நிற்கும். ரப்பர் குழாய்களும் கெடும். உப்பளத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு வைத்தால் அலுமினியக் கூட்டில் வெள்ளைப் பொடி பூக்கும், திருகாணிகள் துருப்பிடிக்கும், இறக்கைத் துணி வெயிலில் உரம் இழக்கும். துணியில் கிழிசல் கண்ணுக்குத் தெரியும். உரம் போனது தெரியாது, சோதிக்கத்தான் வேண்டும்.

நான் சொல்வது இவ்வளவுதான்: இயந்திரத்தை அங்கேயே நல்ல விலைக்கு விற்றுவிட்டு வாருங்கள். முதலில் லைசென்ஸ், பிறகு அனுமதிகள், பிறகு பறக்க முறையான திடல், கடைசியில்தான் இயந்திரம். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சேதுக்கரை எழுதியது:

ஸ்பானர் ஐயா எல்லாவற்றையும் பயமுறுத்தலாகவே சொல்கிறார். அரியமான் கடற்கரைப் பக்கம் பாராசூட்டில் ஆள் பறந்ததை நானே பார்த்திருக்கிறேன். வேறு ஊரில் ஒரு விழாவுக்குப் பாராமோட்டாரே பறந்தது. அவர்களை யாரும் பிடிக்கவில்லையே?

பழைய ஸ்பானர் எழுதியது:

நீங்கள் பார்த்த பாராசூட்டின் ஒரு முனை படகில் கட்டியிருந்திருக்கும். கயிற்றில் கட்டியதும் இஞ்சினில் தன் போக்கில் போவதும் ஒன்றல்ல. முறையாக நடக்கும் விழா என்றால் இந்தத் தேதி, இந்தத் திடல், இந்த உயரம் என்று எழுதி அனுமதி வாங்கியிருப்பார்கள். அதைக் காட்டி வருடம் முழுவதும் வாலிநோக்கத்தில் பறக்க முடியாது. நம் மாவட்டத்தில் செப்டம்பர், அக்டோபரில் தடை உத்தரவு போடும் நாட்களில் டிரோன் கிளப்பவே யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்போது மனிதரே பறந்து வந்தால் எப்படி இருக்கும்?

பயமுறுத்துகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் பயமுறுத்தாத ஆலோசகரை நான் நம்புவதில்லை.

கீழக்கரைக்காரன் எழுதியது:

பாம்பன் அண்ணன், ஸ்பானர் ஐயா, இருவருக்கும் நன்றி. என் இறக்கையின் வேகம் 40க்குக் கொஞ்சம் குறைவுதான், கச்சான் கணக்கு தெளிவாகப் புரிந்துவிட்டது. சாட்டிலைட் போன் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, நல்லவேளை கேட்டேன். மச்சானிடம் பெட்டி யோசனையைக் கைவிடச் சொல்லிவிட்டேன்.

ஆனால் லைசென்ஸ் என்றால் எங்கே தொடங்குவது? எனக்கு 38 வயது, கண்ணாடி போடுகிறேன், பத்தாவதுக்கு மேல் ஐ.டி.ஐ. படித்தேன். மகளுக்கும் ஆசை இருக்கிறது, எட்டாவது படிக்கிறாள். 2025 தமிழக பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று அறிவித்தார்களே, அது வந்தால் இங்கேயே பறக்க வழி பிறக்குமா?

பழைய ஸ்பானர் எழுதியது:

விமான நிலையம் வந்தால் உங்களுக்கு வான்வெளி இறுகும், இளகாது. பெரிய விமானம் இறங்கும் பாதையில் துணி இறக்கைக்கு இடம் தர மாட்டார்கள். அதை நம்பி நிலத்தைச் சமன் செய்யாதீர்கள்.

லைசென்ஸுக்கு 38 வயது தடை இல்லை. தனியார் விமானி லைசென்ஸுக்குக் குறைந்தது 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 40 மணி நேரப் பறத்தல், அதில் 20 மணி நேரமாவது தனியாக. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும், இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு இருக்கிறதா என்பதை மட்டும் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். படிப்பு முடித்தபின் மருத்துவத்தில் நின்றுபோனவர்களை ஜக்கூரில் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

அதன் பிறகும் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தோன்றினால் மைக்ரோலைட் இருக்கிறது. இரண்டு இருக்கை, மொத்த எடை 450 கிலோவுக்குள். அதற்கு VT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவெண், பறக்கத் தகுதியானது என்ற சான்று, காப்பீடு, திடலில் கொட்டகை வாடகை எல்லாம் உண்டு. வருடத்தில் எத்தனை மணி நேரம் உண்மையில் பறப்பீர்கள் என்று கணக்குப் போட்டால் பெரும்பாலோருக்குப் பயிற்சி மையத்தில் மணிக்கணக்கில் கட்டணம் கொடுப்பதே மலிவு. சொந்த விமானம் வைத்திருந்தவர்கள் என்னைத் திட்டினாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

மகளுக்கு வழி உங்களுடையதைவிட எளிது. அவள் பள்ளியிலோ பிறகு சேரும் கல்லூரியிலோ என்.சி.சி. விமானப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவர்களிடம் வைரஸ் எஸ்.டபிள்யூ.80 என்ற மைக்ரோலைட் இருக்கிறது, மாணவர்களைப் பயிற்றுநருடன் ஏற்றிச் செல்கிறார்கள். 16 வயதானால் மாணவர் விமானி லைசென்ஸுக்கும் அவள் விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஷார்ஜாவில் இருக்கும்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, அதில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இயக்குநரகத்தின் இணைய விண்ணப்பத்தில் முதல் இழுபறி இன்ஷியலில்தான் தொடங்கும்.