கடலைத் தோல் பிரிக்கெட்டுக்கு மாறியதும் நைட்ரஜன் ஆக்சைடு ஏறுகிறது, ஏன்?

நீராவி_ஈரோடு:
வணக்கம் நண்பர்களே. சாயப்பட்டறை பாய்லர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். இவ்வளவு நாள் விறகுதான், விலை கட்டுப்படியாகாமல் இப்போது கடலைத் தோல் பிரிக்கெட், அதாவது நிலக்கடலையின் மேலோட்டை அழுத்திச் செய்த எரிகட்டி, போடுகிறோம். நீராவிக்குக் குறையில்லை. ஆனால் புகைபோக்கி டெஸ்டில் நைட்ரஜன் ஆக்சைடு நன்றாகவே கூடியிருக்கிறது. அடுப்புச் சூடு முன்பு போலவே 900 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜன்தான் எரிகிறது, சூட்டைக் குறையுங்கள், இல்லாவிட்டால் வறுத்த பிரிக்கெட் தருகிறேன், அதில் நைட்ரஜன் போயிருக்கும் என்கிறார் சப்ளையர். சரிதானா?

அனல்காற்று:
இரண்டுமே சரியில்லை சார். காற்றிலுள்ள நைட்ரஜன் கணிசமாக எரிய சுமார் 1300 டிகிரிக்கு மேல் வேண்டும், உங்கள் அடுப்பு அந்தப் பக்கமே போவதில்லை. உங்களுக்கு வருவது தோலுக்குள்ளேயே இருக்கும் நைட்ரஜன். செடி அதைப் பெரும்பாலும் புரதமாக வைத்திருக்கிறது. சாதாரண மரக்கட்டையில் அரை சதவீதம்கூட இருக்காது, கடலைத் தோலில் 1 சதவீதத்தை ஒட்டி வரும். சூட்டைக் குறைத்தால் கார்பன் மோனாக்சைடு ஏறும், அவ்வளவுதான்.

வறுத்த பிரிக்கெட் 250, 300 டிகிரியில் செய்வது. அந்தச் சூட்டில் ஈரமும் எளிதில் சிதையும் நார்ப்பகுதியும்தான் முக்கியமாகப் போகும், நைட்ரஜனில் பெரும்பங்கு உள்ளேயே தங்கிவிடும். எடை குறைவதால் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் சற்றுக் கூடவே செய்யலாம். அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

கரிச்சூளை:
உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் தீர்வு அதில்தான் இருக்கிறது. பிரிக்கெட் சூடேறும்போது புரதம் உடைந்து ஒரு பங்கு அமோனியாவாக வெளியேறும், இன்னொரு பங்கு வளைய வடிவச் சேர்மங்களாகி தாரோடு கிளம்பி, மேலும் சூடு பட்டதும் ஹைட்ரஜன் சயனைடாக உடையும், மீதி கரியிலேயே ஒட்டிக்கொள்ளும். இந்த வாயுக்கள் நிறைய ஆக்சிஜனைச் சந்தித்தால் நைட்ரிக் ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவான இடத்தில் மாட்டினால், அங்கே உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் அமோனியாவும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, காற்றில் இருக்கிற அதே சாதாரண நைட்ரஜனாகிவிடும். அதனால் கிரேட்டுக்கு (எரிபொருள் கிடக்கும் கம்பித்தட்டு) அடியில் போகும் காற்றைக் குறைத்து, மிச்சத்தை மேலே செகண்டரி காற்றாகக் கொடுத்துப் பாருங்கள். டேம்பரை (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு) கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்த வேண்டும், கார்பன் மோனாக்சைடு மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, அடிக்காற்று ரொம்பக் குறைந்தால் கிரேட் சூடேறிச் சாம்பல் உருகிக் கட்டிக்கொள்ளும்.

கேஸிஃபையர் (எரிபொருளை எரிவாயுவாக மாற்றும் கலன்) வைத்திருப்பவர்களுக்கு இதே அமோனியா அந்த வாயுவைக் கழுவும் நீரில் போய்ச் சேரும். அந்தத் தொட்டிப் பக்கம் போனாலே மூக்கில் ஏறும். அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடுகிற இடங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

நீராவி_ஈரோடு:
மிக்க நன்றி அண்ணா. எங்கள் ஆபரேட்டர் அடிக்காற்றை முழுக்கத் திறந்துதான் வைக்கிறார், அதை முதலில் பார்க்கிறேன். ஒரு சந்தேகம், லோடுக்கு லோடு நைட்ரஜன் ஆக்சைடு அளவு மாறுகிறதே, அது எதனால்?

அனல்காற்று:
ஒரு பிரிக்கெட்டை உடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பாகப் பருப்பின் உள்தோலும், வெள்ளையாக நொறுங்கின பருப்பும் தெரிகிறதா? பருப்பில் கால்வாசி புரதம், அதாவது நைட்ரஜன் 4 சதவீதம் அளவுக்கு. உடைக்கும் மிஷின் சரியாகத் தூற்றாத லோடில் இது அதிகம் வரும். பிரிக்கெட் போடும் முன்பே தோலைச் சலித்துத் தரச் சொல்லுங்கள், மரத்தூள் கலந்து வாங்கினாலும் குறையும். டெஸ்ட் எடுக்கும் அன்று மட்டுமல்ல, தினமும் பட்டறையைச் சுற்றியிருக்கிற வீடுகளுக்குப் போகிற புகை இது.

வயல்வரப்பு:
கிரேட்டில் எரியாமல் நிற்கும் கரியைத் தோட்டத்துக்கு எடுக்கலாமா? நைட்ரஜன் இருக்கிறது என்றீர்களே, யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாமா?

கரிச்சூளை:
யூரியாவைக் குறைக்காதீர்கள் தம்பி. கரியிலுள்ள நைட்ரஜன் கார்பன் வளையத்துக்குள் பின்னிக் கிடக்கிறது, பயிருக்குச் சீக்கிரத்தில் கிடைக்காது. பொட்டாஷ் கிடைக்கும், மணல் பூமியில் ஈரம் நிற்கவும் உதவும். அப்படியே கொட்டாமல் சாணி எருவோடு கலந்து மக்கவைத்துப் போடுங்கள். களர் நிலமாக இருந்தால் மட்டும் வேண்டாம், சாம்பல் கலந்த கரி காரத்தைக் கூட்டிவிடும்.