நாடக ஆய்வும் மேடையும்: மதுரையில் இருந்துகொண்டே முடியுமா?

பழங்காநத்தம் பொண்ணு:
எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டேன். பெண்ணிய நாடகம், திருநங்கையர் நாடகம் இரண்டையும் ஆராய்ச்சி செய்ய வேண்டும், மேடையிலும் நிற்க வேண்டும் என்று ஆசை. நாடக இயக்குநர் அ. மங்கையைப் பற்றிப் படித்ததிலிருந்து பிடித்த பித்து இது. வீட்டில் "கூத்தாடியா போகப்போற? பேசாம பி.எட். படி" என்கிறார்கள். ஆய்வுக்குக் கைடாக இருக்கச் சொல்லிக் கேட்ட பேராசிரியர் ஒருவரோ, "ஆய்வா, நடிப்பா, ஒன்றை முடிவு பண்ணிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். சென்னைக்குப் போகாமல் இது நடக்குமா?

செல்லூர் அக்கா:
தங்கச்சி, அவர் சொன்னதை விட்டுத்தள்ளு. மங்கை ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தவர் இல்லை. வ. பத்மா என்ற சொந்தப் பெயரில் சென்னை ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினார், மங்கை என்ற பெயரில் நாடகம் இயக்கினார். கவிஞர் இன்குலாப் எழுதிய 'ஔவை' நாடகத்தை அவர் மேடையேற்றினார். நமக்குப் பழகிய கோலூன்றிய பாட்டி அதில் இல்லை. பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் இளம்பெண். நூறு பக்கக் கட்டுரை வாதாட வேண்டியதை அந்த வேஷமே சொல்லிவிடுகிறது. 2015இல், 1979க்குப் பிந்தைய இந்திய நாடகத்தில் பாலினம் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமும் எழுதினார். ஒத்திகை பார்த்தவர் எழுதிய எழுத்து அது.

மதுரையில் இருப்பது உனக்குக் குறையே இல்லை. சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் இங்கே வந்து தங்கித்தான் கோயில் விழாக்களில் விடியவிடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தின் கலைஞர்களைப் பற்றி ஆய்வு செய்தார், புத்தகம் 2005இல் வந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் நாடக சபா நடத்திய ஊர் இது. பங்குனி, சித்திரையில் சுற்றுப்பட்டில் எங்காவது வள்ளி திருமணம் போடுவார்கள், ராத்திரி போய் விடியவிடிய உட்கார். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊர், ஸ்த்ரீபார்ட் (கதாநாயகி) வேறு ஊர், தனித்தனியாகப் பேசி வரவழைத்திருப்பார்கள்.

மேலூர் பக்கம் ஒரு நடிகையைப் பார்த்தேன். வேனை விட்டு இறங்கும்போது தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனார். பிறகு அதே அம்மா வள்ளியாக வந்து நாரதரைத் தர்க்கத்தில் மடக்கு மடக்கென்று மடக்கினார், ஊரே விசிலடித்தது. இறங்கி நடந்த அந்த நடையும் நடிப்புதான், அதை யார் அவர் மேல் சுமத்தினார்கள் என்பதுதான் என் ஆய்வேடு. இதற்கெல்லாம் சென்னை எதற்கு?

வில்லாபுரம் திருநங்கை:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மங்கை 'கண்ணாடி கலைக்குழு'வில் திருநங்கைகளோடு வேலை செய்தார். 'நான் வித்யா' என்று தன் வாழ்க்கைக் கதையை எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடியும் ஜீ இமான் செம்மலரும் கூடச் சேர, 2014இல் 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கினார். அதில் எழுதியதும் நடித்ததும் நாங்களே. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

எங்களிடம் பேட்டிக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நீ நடிப்பைப் பற்றிக் கேள். வசனத்தை எப்படி மனப்பாடம் செய்தாய், எந்த இடத்தில் குரலை ஏற்றினாய் என்று கேள். நாடகம் போட்டால் போஸ்டரில் எங்கள் பேரைப் போடு. ஒத்திகைக்கு வரும் நாளுக்கும் சம்பளம் பேசு, பஸ் காசோடு முடித்துவிடாதே.

திருநகர் வாசகன்:
ஆங்கிலத்தில் நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு) எழுதி வையுங்கள் தங்கச்சி, வீட்டுக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகும். நாடகத்துக்கென்றே படிக்க வேண்டுமானால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாடக இயக்குநர் மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம் என்ற குழு 1978இல் தொடங்கியதும் நம் மதுரையில்தான்.

பழங்காநத்தம் பொண்ணு:
ரொம்ப நன்றி. வில்லாபுரம் அக்கா, உங்களைப் பார்க்க வரலாமா? செல்லூர் அக்கா, ஸ்பெஷல் நாடகத்தை ரெக்கார்ட் செய்ய யாரிடம் அனுமதி கேட்பது? விழாக் கமிட்டியிடமா, நடிகர்களைப் பேசி அனுப்பும் ஏஜென்டிடமா?

செல்லூர் அக்கா:
கமிட்டியிடம் சொல்லிவிடு. ஆனால் அனுமதியை அந்த நடிகையிடம் கேள், மேக்கப் போட உட்காருவதற்கு முன்னாலேயே. வேண்டாம் என்றால் நோட்டு மட்டும் எடுத்துக்கொண்டு போ.