சடங்கு சீரியஸ், விளையாட்டு சும்மாவா? இந்தக் கோட்ட யார் போட்டது

கோடுகிழிச்சான்:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடுற விஷயம். சடங்குன்னா பயபக்தி, விளையாட்டுன்னா டைம்பாஸ்னு பிரிச்சு வெச்சிருக்கோம்ல, எனக்கென்னவோ ரெண்டும் ஒரே சரக்குன்னுதான் தோணுது. ரெண்டுக்கும் தனி இடம், தனி நேரம், தனி ரூல், தனி டிரெஸ், கோட்டுக்கு உள்ள வந்தா ஒரு ஆளு வெளிய போனா வேற ஆளு. ஹுய்சிங்கான்னு ஒரு டச்சு வரலாற்றாசிரியர் 1938லயே சடங்கு விளையாட்டுலேர்ந்து முளைச்சதுதான்னு எழுதிட்டாரு. மறுக்குறவங்க வாங்க.

சாவிக்கொத்து:
வந்துட்டேன். லெவி ஸ்ட்ராஸ்னு பிரெஞ்சு மானிடவியலாளர் 1962ல சொன்ன வித்தியாசத்த விட்டுட்டீங்க. ஆட்டம் ஆரம்பிக்கும்போது ரெண்டு டீமும் சமம், முடியும்போது ஒருத்தன் மேல ஒருத்தன் கீழ. சடங்கு அப்படியே தலைகீழ், தீட்சை வாங்குனவன் வாங்காதவன்னு ஏற்றத்தாழ்வுல ஆரம்பிச்சு எல்லாரையும் ஒரே பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். நியூகினியில கஹுகு-கமா மக்கள் ஃபுட்பால் கத்துக்கிட்டாங்க, ஆனா எப்படி ஆடுனாங்க தெரியுமா, ரெண்டு பக்கமும் கணக்கு சமமாகுற வரைக்கும் நாள் கணக்குல மேட்ச் மேல மேட்ச்!

கோடுகிழிச்சான்:
சேம் சைட் கோல் போட்டுட்டீங்களே 😄 அதே பந்து, அதே ஆட்டம், அது சடங்காயிடுச்சுன்னா ரெண்டுக்கும் நடுவுல சுவர் எங்க இருக்கு? நியூகினி பக்கத்துல இருக்குற ட்ரோப்ரியாண்ட் தீவுக்கு மிஷனரிங்க 1903 வாக்குல கிரிக்கெட்ட கொண்டுபோனாங்க, சண்டைய விட்டுட்டு ஆடட்டும்னு. தீவுக்காரங்க அத அப்படியே தன்னோடதாக்கிட்டாங்க. ஒரு டீம்ல எத்தன பேர் வேணா இருக்கலாம், அவுட் ஆனா ஆட்டம் பாட்டு, பேட்டுக்கு போர் மந்திரம், கடைசில யார் ஊர்ல நடக்குதோ அவங்கதான் ஜெயிக்கணும்.

வம்படி:
ரிசல்ட் முன்னாடியே தெரிஞ்சா அதுக்குப் பேரு சடங்கு இல்ல பாஸ், மேட்ச் பிக்ஸிங்.

சாவிக்கொத்து:
வம்படி ஜோக்கடிச்சாலும் விஷயம் அங்கதான் இருக்கு. வட அமெரிக்காவுல ஃபாக்ஸ் இனத்துல ஒருத்தர் செத்தா, அவர் இடத்துல இன்னொருத்தர தத்தெடுக்குற சடங்குல அந்த இனத்தோட ரெண்டு பிரிவும் போட்டி ஆடும். செத்தவர் எந்தப் பிரிவோ அதுதான் ஜெயிக்கணும், மாத்த முடியாது. ஆட்டத்துல ஜெயிக்கிறதுன்னா எதிராளிய "கொல்றது"ன்னு ஒரு கணக்கு, அதனால செத்தவங்கள ஜெயிக்க விட்டா, நாமதான் உயிரோட இருக்கோம் அவங்கதான் செத்துட்டாங்கன்னு நெனச்சு நிம்மதியா கிளம்பிடுவாங்களாம். செத்தவனையே ஏமாத்தி அனுப்புறாங்க, இத டைம்பாஸ்னு சொல்வீங்களா?

பஸ்டிரைவர்அப்பா:
எனக்கு தியரி தெரியாது, வீட்டுல பாத்தத சொல்றேன். பொண்ணுக்கு அஞ்சு வயசு, நாலு நாற்காலிய வரிசையா போட்டு பஸ் ஓட்டுவா. நான் குறுக்க நடந்தா "ஓடுற பஸ்ஸுக்கு முன்னாடி வராதப்பா"ன்னு நிஜமாவே கத்துவா, ஆனா பசிச்சா நடு ரோட்டுலயே ஸ்டியரிங்க விட்டுட்டு எந்திரிச்சு வந்துடுவா. சடங்குல அப்படி பாதியில எந்திரிக்க முடியாதுல்ல?

சாவிக்கொத்து:
அதேதான் சார் நான் சொல்ல வந்தது. நாற்காலிய திரும்பப் போட்டா பஸ்ஸும் போச்சு, யாருக்கும் எதுவும் மாறல. அமெரிக்கப் பழங்குடியான நவாஹோ மக்கள் நோயாளிக்காக தரையில கலர் மண்ணுல படம் போடுவாங்க, மணிக்கணக்கா உக்காந்து, நமக்குப் பாத்தா அசல் ஓவியம், ஃபிரேம் போடத் தோணும். அவங்க என்ன பண்றாங்கன்னா நோயாளிய அது மேலயே உக்கார வெச்சு, அந்த மண்ண எடுத்து அவர் உடம்புல தடவி, அன்னிக்கே படத்த அழிச்சிடுறாங்க. படம் போச்சு, ஆள் மாறிட்டாரு. விளையாட்டுல மிச்சம் எதுவும் நிக்காது, சடங்குல நிக்கும்.

கோடுகிழிச்சான்:
ஜெயிச்ச கப்பு அலமாரில நிக்குதே?

சாவிக்கொத்து:
கப்பு நிக்கும், அடுத்த சீசன் சைபர்லேர்ந்துதான ஆரம்பிக்குது. பெரியவன் ஆயிட்டான்னு சடங்கு முடிஞ்ச பையன அடுத்த வருஷம் திரும்ப சின்னப்பையன் ஆக்க முடியுமா சொல்லுங்க.

பஸ்டிரைவர்அப்பா:
இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த பஸ்ல முதல் சீட்டுல யாரையும் உக்கார விடமாட்டா, அது தாத்தா சீட்டாம். அப்பா போயி நாலு மாசம் ஆச்சு. இது எந்தக் கணக்குல வரும்?

சாவிக்கொத்து:
ஆட்டம் முடிஞ்சு நாற்காலிய எடுத்துப் போட்ட பிறகு, அந்த நாற்காலில யாராச்சும் உக்காருறீங்களா?

பஸ்டிரைவர்அப்பா:
இல்ல. நீங்க கேட்டப்புறம்தான் யோசிச்சுப் பாக்குறேன், யாரும் உக்காரல.