சிட்டி லிமிட்டுக்கு வெளியே வீடு, ஃபயர் சர்வீஸுக்கு தனி வரி கேக்குறாங்க: யெஸ்ஸா நோவா?

ரெண்டு_ஏக்கர்_ரேணு

வணக்கம் மக்களே, டெக்சாஸ்ல இருக்கிறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. நாங்க சிட்டி லிமிட்டுக்கு வெளியே ரெண்டு ஏக்கர்ல வீடு வாங்கி வந்தோம், சிட்டி டாக்ஸ் இல்ல, எச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) தொல்லை இல்ல, முருங்கை வைக்கலாம் கோழி வளக்கலாம்னு ஆசைப்பட்டுத்தான். இப்ப நவம்பர் எலெக்ஷன்ல ஈஎஸ்டின்னு ஒண்ணு ஆரம்பிக்கலாமா வேண்டாமான்னு ஓட்டு வருது. எமர்ஜென்ஸி சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட்டாம், 100 டாலர் மதிப்புக்கு 10 சென்ட் வரைக்கும் ப்ராபர்டி டாக்ஸ் போடலாமாம். இவ்ளோ நாளா பக்கத்து சிட்டி ஃபயர் டிபார்ட்மென்ட்தான் கவுண்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கான்ட்ராக்ட் போட்டு எங்க பக்கமும் வந்துட்டு இருந்தாங்க, இப்ப சிட்டி கேக்குற தொகைக்கும் கவுண்டி தர்றேன்னு சொல்ற தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், புதுப்பிக்கலன்னா வண்டி அனுப்ப மாட்டோம்னு சிட்டி லெட்டர் போட்டுடுச்சு.

எங்க ரோட்டுல ஒரு வேலியில யெஸ் போர்டு, அடுத்த வேலியில நோ போர்டு. வீட்டு அப்ரைசல் 420,000, அப்போ வருஷத்துக்கு 420 டாலர் கூடுதல், ஏற்கனவே ஸ்கூல் டாக்ஸே கண்ணைக் கட்டுது. நம்ம ஊர்ல 101 அடிச்சா அரசாங்க வண்டி வரும், அதுக்குன்னு தனியா யாரும் ஓட்டு போட்டதில்ல. கவுண்டிக்கு கட்டுற வரியிலயே இது அடங்காதா? ஓட்டு தோத்துட்டா 911 அடிச்சாலும் யாரும் வரமாட்டாங்களா, இல்ல சும்மா பயமுறுத்துறாங்களா?

வரி_போதும்_சாமி

பயமுறுத்தல்தான். நான் டெக்சாஸ் வந்ததுலேர்ந்து பாக்குறேன், ஸ்கூலுக்கு கடன் வாங்கலாமான்னு பாண்ட் எலெக்ஷன் வந்தா குழந்தைங்க படிப்பு போயிடும்பாங்க, ஈஎஸ்டின்னா வீடு எரிஞ்சிடும்பாங்க. ஒரு தடவை டிஸ்ட்ரிக்ட் உருவாச்சுன்னா அதைக் கலைக்கிறது குதிரைக்கொம்பு, போர்டுல இருக்கிற 5 பேரையும் பெரும்பாலான கவுண்டில கமிஷனர்ஸ் கோர்ட்தான் (பேருதான் கோர்ட், கவுண்டியை நடத்துற சபை அது) நியமிக்குது, நாம எலெக்ட் பண்றது கூட கிடையாது. அதுவும் 10 சென்ட்டோட நிக்கும்னு நினைக்காதீங்க, ஆஸ்டினுக்கு வடக்கே ஃப்ளூகர்வில் பக்கம் ஏற்கனவே ஒரு ஈஎஸ்டி இருக்க, அது மேலயே இன்னொரு ஈஎஸ்டியை 2021ல ஓட்டு போட்டு கொண்டு வந்தாங்க. கவுண்டி பட்ஜெட்ல எவ்வளவோ வெட்டிச் செலவு, அதைக் குறைச்சுட்டு சிட்டி கேக்குறதைக் குடுக்கச் சொல்லுங்க. நோ போடுங்க.

டேங்கர்_தம்பி

ரேணு அக்கா, நான் டெக்சாஸ் ஹில் கன்ட்ரி பக்கம் ஒரு வாலண்டியர் ஃபயர் டிபார்ட்மென்ட்ல இருக்கேன், பொழப்புக்கு டேட்டாபேஸ் வேலை, ஃபோன்ல அலர்ட் அடிச்சா பங்கர் கியரை (தீயணைப்பு உடுப்பு) மாட்டிட்டு ஓட்டம். அதனால நான் நடுநிலை இல்ல, முதல்லயே சொல்லிடுறேன்.

உங்க முதல் கேள்விக்கு, அடங்காது. டெக்சாஸ்ல கவுண்டிக்கு ஃபயர் சர்வீஸ் தந்தே ஆகணும்னு கடமை கிடையாது, விருப்பப்பட்டா காசு ஒதுக்கலாம், அவ்ளோதான். நிறைய கவுண்டில நடக்கிறது என்னன்னா ஒவ்வொரு வாலண்டியர் டிபார்ட்மென்ட்டுக்கும் வருஷத்துக்கு ஒரு தொகைன்னு முடிச்சுடுவாங்க, அது டீசலுக்கும் வண்டி இன்ஷூரன்ஸுக்குமே இழுபறி. மிச்சத்துக்கு மீன் வறுத்து வித்து, பிரிஸ்கெட் ப்ளேட் போட்டு, சிக்னல்ல ரப்பர் பூட்ஸை நீட்டி காசு வாங்குறோம். புது ஃபயர் இன்ஜின் வண்டி இன்னிக்கு ஒரு மில்லியன் டாலரைத் தொடுது, எத்தனை ப்ளேட் பிரிஸ்கெட் விக்கணும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. கிராண்ட் இருக்கேன்னு யாராவது வருவாங்க, இருக்கு, டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஃபாரஸ்ட் சர்வீஸ் தருது, ஃபீமான்னு மத்திய அரசோட பேரிடர் அமைப்பு தருது, ஆனா அது வண்டிக்கும் கியருக்கும்தான் ஒத்துவரும். சம்பளத்துக்குன்னு ஃபீமாவோட சேஃபர் கிராண்ட் ஒண்ணு இருக்கு, 3 வருஷம் குடுப்பாங்க, நாலாவது வருஷம் அந்த ஆளுக்கு சம்பளம் யார் தர்றது? வருஷா வருஷம் வரும்னு நம்பி திட்டம் போட ஒரு வருமானம் வேணும், அது வரியிலேர்ந்துதான் வரும்.

அடுத்தது ஆள். அமெரிக்கா முழுக்க 2020 கணக்குப்படி சுமார் 10,41,000 தீயணைப்பாளர்ல 6,77,000 பேர் வாலண்டியர். 1984ல வாலண்டியர் மட்டுமே கிட்டத்தட்ட 9 லட்சம் பேர் இருந்தாங்க. முன்னாடி ஊர்லயே பண்ணை, கடைன்னு இருந்தவங்க இப்ப ஒரு மணி நேரம் தள்ளி சிட்டில வேலைக்குப் போறாங்க, எங்க டிபார்ட்மென்ட்ல சம்பள ஆள் வர்றதுக்கு முன்னாடி செவ்வாக்கிழமை மதியம் 2 மணிக்கு அலர்ட் அடிச்சா ரிட்டயர் ஆன ரெண்டு பேரும் வொர்க் ஃப்ரம் ஹோம் பண்ற நானும்தான் இருந்தோம். என்எஃப்பிஏன்னு தீப்பாதுகாப்பு அமைப்பு போட்ட 1720ங்கிற வாலண்டியர்களுக்கான ஸ்டாண்டர்டே கிராமப்புறத்துக்கு 14 நிமிஷத்துல 6 பேர்னுதான் சொல்லுது, அதுவும் பத்துக்கு எட்டு தடவை வந்தா போதும்னு. அதை எட்டிப் பிடிக்கவே நாங்க படாத பாடு படுறோம். ஈஎஸ்டி காசு வந்த இடங்கள்ல பெரும்பாலும் முதல்ல செய்றது என்னன்னா பகல் ஷிஃப்ட்டுக்கு ரெண்டு பேரை சம்பளத்துக்குப் போடுறதுதான், புது வண்டி எல்லாம் அப்புறம்.

தண்ணியைப் பத்தி யாரும் பேசமாட்டேங்குறாங்க. உங்க ரோட்டுல ஹைட்ரன்ட் (தீயணைப்புக் குழாய்) இருக்கா? இருக்காது. இன்ஜின்ல இருக்கிறது 1,000 கேலன்னு வச்சுக்கங்க, ஒரே ஒரு ஹோஸ்ல நிமிஷத்துக்கு 150 கேலன் போனா 7 நிமிஷம் கூட தாங்காது. அப்புறம் டேங்கர் வந்து ரோட்டுலயே கேன்வாஸ் தொட்டியை விரிச்சு தண்ணியைக் கொட்டிட்டு அடுத்த லோடுக்குப் போகும், இன்ஜின் அதுலேர்ந்து உறிஞ்சும். ஒரு டேங்கர் போய் நிரப்பிட்டு வர்றதுக்குள்ள தொட்டி காலியாச்சுன்னா முன்னாடி ஹோஸ் பிடிச்சுட்டு இருக்கிறவன் கதி அதோகதி, அதனால மூணு நாலு டேங்கர் சுத்திக்கிட்டே இருக்கணும், அது ஒரே டிபார்ட்மென்ட்ல இருக்காது, மியூச்சுவல் எய்ட்னு ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கிற ஏற்பாட்டுல பக்கத்து ஊர்லேர்ந்து வரணும்.

ஓட்டு தோத்தா யாரும் வரமாட்டாங்களான்னா, வருவாங்க, 911 கன்ட்ரோல் ரூம் யாரையாவது அனுப்பும். எவ்ளோ தூரத்துலேர்ந்து, எத்தனை பேர், எவ்ளோ தண்ணியோடங்கிறதுதான் கேள்வி.

நாக்ஸ்வில்_நாதன்

தம்பி சொல்றது டெக்சாஸுக்கு சரி, எங்க டென்னஸில வரமாட்டாங்கன்னு சொன்னதும் நடந்திருக்கு. ஒபியான் கவுண்டின்னு வடமேற்கு மூலையில, அப்ப கவுண்டிக்குன்னு ஃபயர் டிபார்ட்மென்ட்டே கிடையாது, சௌத் ஃபுல்டன் சிட்டிக்கு வருஷம் 75 டாலர் கட்டினா வெளியில இருந்தவங்க வீட்டுக்கும் வந்தாங்க. 2010 செப்டம்பர் கடைசியில ஒரு பெரியவர் வீட்டுல குப்பை எரிச்ச பீப்பாயிலேர்ந்து தீ பரவுச்சு, அந்த வருஷம் 75 டாலர் கட்டல, 911ல லிஸ்ட்ல உங்க பேர் இல்லைன்னுட்டாங்க. என்ன செலவானாலும் தர்றேன்னு ஃபோன்லயே கெஞ்சினார். தீ பக்கத்து வயலுக்குப் போனதும் வண்டி வந்துச்சு, ஏன்னா பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருந்தார். அந்த வயலைக் காப்பாத்திட்டு இந்த வீடு எரியுறதைப் பாத்துட்டு நின்னாங்க, உள்ள இருந்த நாயும் பூனையும் போச்சு.

நாடே திட்டுச்சு, ஆனா சிட்டி பக்கம் ஒரு நியாயம் இருந்துச்சுங்கிறது என் கருத்து, எரியுறப்ப காசு கட்டிக்கலாம்னா எவன் முன்கூட்டி 75 டாலர் கட்டுவான்? அணைச்சுட்டு அப்புறம் பில் அனுப்பினா கட்டாம ஏமாத்துறவங்கதான் ஜாஸ்தி. 2011 டிசம்பர்ல அதே மாதிரி இன்னொரு வீடும் போன பிறகுதான் 2012ல, கட்டாதவங்க வீட்டுக்கும் போவோம் ஆனா ஒரு தடவைக்கு 3,500 டாலர்னு மாத்தினாங்க. தப்பு அங்க நின்ன ஃபயர்மேன் மேல இல்ல, வரியும் போடமாட்டேன் டிபார்ட்மென்ட்டும் வைக்கமாட்டேன்னு ஒதுங்கின கவுண்டி மேல.

சந்தா முறையே மோசம்னு இல்ல, நான் இருக்கிற நாக்ஸ் கவுண்டில ரூரல் மெட்ரோன்னு தனியார் கம்பெனிதான் சிட்டிக்கு வெளியே, மெம்பர் இல்லன்னாலும் வந்து அணைப்பாங்க, அப்புறம் பில் தீட்டிடுவாங்க. வருஷா வருஷம் நான் மறக்காம கட்டுற பில் அது ஒண்ணுதான்.

பாலிசி_பார்வதி

இன்ஷூரன்ஸ் பக்கம் வேலை பாக்குறேன், ரேணு, இதை யோசிங்க. ஐஎஸ்ஓன்னு ஒரு அமைப்பு ஒவ்வொரு ஏரியாவுக்கும் 1லேர்ந்து 10 வரைக்கும் கிளாஸ் குடுக்குது, 1 பெஸ்ட், 10ன்னா கணக்குல எடுத்துக்கிற அளவுக்கு பாதுகாப்பே இல்லன்னு அர்த்தம். பொதுவா ஸ்டேஷன்லேர்ந்து ரோட்டு வழியா 5 மைலுக்குள்ள இருந்தாத்தான் கிளாஸே, அதுக்கு மேல போனா நேரா 10. சிட்டி கான்ட்ராக்ட் போச்சுன்னா உங்க பக்கம் 5 மைலுக்குள்ள வேற ஸ்டேஷன் இருக்கான்னு மேப்ல அளந்து பாருங்க, நேர்கோட்டுல இல்ல, ரோட்டுல. 10 ஆச்சுன்னா சில கம்பெனி பிரீமியத்தை ஏத்தும், சில கம்பெனி ரின்யூவே பண்ணாது. எல்லா கம்பெனியும் இந்த கிளாஸ் பாத்து ரேட் போடுறதில்ல, சிலர் ஏரியா க்ளெய்ம் வச்சுப் போடுறாங்க, அதனால உங்க ஏஜென்ட்கிட்ட கிளாஸ் 10 ஆனா என் பிரீமியம் என்னன்னு எழுத்துல கோட் வாங்குங்க. அந்த வித்தியாசத்தை 420க்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ரெண்டு_ஏக்கர்_ரேணு

எல்லாருக்கும் நன்றி. அளந்தேன், சிட்டி ஸ்டேஷன் 4 மைல், அடுத்த வாலண்டியர் ஸ்டேஷன் 9 மைல். அப்போ 10தான் 😟. கமிஷனர்ஸ் கோர்ட் வெப்சைட்ல தேடினப்ப பழைய கான்ட்ராக்ட் பிடிஎஃப் கிடைச்சுது, அதுல கவுண்டி வருஷத்துக்கு ஒரே தொகை தரும்னு மட்டும் இருக்கு, எத்தனை வண்டி எத்தனை நிமிஷம் எதுவுமே இல்ல. தம்பி, ஈஎஸ்டி வந்தா அவங்களும் இதே மாதிரி வாலண்டியர் டிபார்ட்மென்ட்டோடயோ சிட்டியோடயோ கான்ட்ராக்ட்தான் போடுவாங்களாமே, அப்ப என்ன மாறப்போகுது?

டேங்கர்_தம்பி

அக்கா, இங்கதான் விஷயமே இருக்கு. ஈஎஸ்டி தானே ஆள் வச்சு நடத்தலாம், இல்ல கான்ட்ராக்ட் குடுக்கலாம், புதுசா ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் கான்ட்ராக்ட்தான். யெஸ் போடுறதோட வேலை முடியாது, போர்டு மீட்டிங் எல்லாருக்கும் திறந்தது, போய் உக்காருங்க. நான் பாத்த வரைக்கும் சண்டை வர்ற இடம் முதல்ல வண்டி யார் பேர்லங்கிறது. வரிக்காசுல வாங்கின டேங்கரை டிபார்ட்மென்ட் பேர்ல எழுதிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு தரப்புக்கும் முட்டிக்கிச்சுன்னா வண்டி அவங்களோட போயிடும், ஜனங்க கையில வெறும் பேப்பர். டைட்டில் (வண்டியோட உரிமைப் பத்திரம்) டிஸ்ட்ரிக்ட் பேர்ல இருக்கணும், டிபார்ட்மென்ட்டுக்கு ஓட்டக் குடுக்கலாம். அப்புறம் விலகணும்னா எத்தனை மாசம் முன்னாடி சொல்லணும்னு பாருங்க, 30 நாள்னு இருந்தா கையெழுத்து போடவே கூடாது, 30 நாள்ல எவனாலயும் ஃபயர் டிபார்ட்மென்ட் கட்ட முடியாது, ஒரு பட்ஜெட் வருஷமாவது வேணும். மாசா மாசம் எத்தனை எமர்ஜென்ஸி கால் வந்துச்சு, எத்தனை பேர் போனாங்க, எத்தனை நிமிஷம்னு ரிப்போர்ட் குடுத்தாத்தான் அடுத்த பேமென்ட்னு ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. எங்க சீஃபுக்கு நான் இதைச் சொன்னது தெரிஞ்சா திட்டுவார், ஆனா இந்த ரிப்போர்ட் கேக்க ஆரம்பிச்ச பிறகுதான் எங்க பகல் நேர ஆள் பற்றாக்குறை வெளிய தெரிஞ்சுது, ரெண்டு பேருக்கு சம்பளமும் கிடைச்சுது.

சிட்டி ஏன் தொகையை ஏத்துதுன்னும் யோசிங்க. சிட்டி ஜனங்க வரி கட்டி வாங்கின வண்டி வெளியில போய் நிக்கிற நேரத்துல உள்ள ஒரு வீடு எரிஞ்சா கவுன்சில்தான் பதில் சொல்லணும். எத்தனை எமர்ஜென்ஸி கால் வந்துச்சுங்கிற கணக்குல பங்கு கேட்டா வெளிப்பகுதிக்கு சாதகம், ஏன்னா ஆள் தயாரா நிக்கிறதுக்கே செலவு, கால் வந்தாலும் வராட்டியும். சொத்து மதிப்பு கணக்குல கேட்டா உங்களுக்கு எகிறும். நடுவுல ஒரு ஃபார்முலா பேசாம, போன வருஷத் தொகை ப்ளஸ் கொஞ்சம்னு கவுண்டி இழுக்குறதாலதான் எல்லா ஊர்லயும் இந்தக் கதை.

வரி_போதும்_சாமி

தம்பி, உங்க மேல மரியாதை உண்டு, 2013ல டெக்சாஸ்ல வெஸ்ட்ங்கிற ஊர்ல உரக் கிடங்கு வெடிச்சப்ப செத்த 15 பேர்ல 12 பேர் தீயணைக்க, உதவி பண்ணப் போனவங்க, பெரும்பாலும் வாலண்டியர்ஸ், அது தெரியாம பேசல. ஆனா நீங்க சொன்ன கண்டிஷன் எல்லாம் ஓட்டுக்கு அப்புறம் வர்றது, ஓட்டுச் சீட்டுல ஒரு வரி கூட இருக்காது. முதல் வருஷமே 10 சென்ட் உச்சத்துக்குப் போகமாட்டோம்னு ஈஎஸ்டி வேணும்னு பெட்டிஷன் போட்டவங்க எழுதிக் குடுப்பாங்களா? அதைக் கேளுங்க ரேணு. ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன், 10 சென்ட் உச்சவரம்பு ஸ்டேட் கான்ஸ்டிட்யூஷன்லயே இருக்கு, ஒரு டிஸ்ட்ரிக்ட் தன்னிஷ்டத்துக்கு அதைத் தாண்ட முடியாது. ஸ்கூல் டாக்ஸுக்கு கிடைக்கிற ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்கான வரிச்சலுகை) இதுல தானா வராது, போர்டு குடுத்தாத்தான், அதையும் கேளுங்க.

டேங்கர்_தம்பி

சாமி அண்ணா, அது நியாயமான கேள்விதான். சேல்ஸ் டாக்ஸ் பத்தியும் கேக்கச் சொல்லுங்க, உள்ளூர் சேல்ஸ் டாக்ஸ் 2 சதவீதம் நிரம்பாத இடத்துல ஈஎஸ்டி தனி ஓட்டுல அந்த மிச்சத்தை எடுத்துக்கலாம். ஹைவே ஓரம் ஒரு பெரிய கேஸ் ஸ்டேஷன் இருந்தா போதும், வர்றவன் போறவன் காசுலயும் ஒரு பங்கு வரும், ப்ராபர்டி ரேட்டைக் குறைச்சு வச்சுக்கலாம்.

எச்1பி_எழில்

நானும் அந்த மாதிரி ஏரியாலதான் வீடு வாங்கியிருக்கேன், வரி கட்டுறேன், ஓட்டு இல்ல. எங்களுக்கு இதுல பேச வழி இருக்கா?

ரெண்டு_ஏக்கர்_ரேணு

எனக்கும் இன்னும் கிரீன் கார்டுதான், ஓட்டு வீட்டுக்காரருக்கு மட்டும். கமிஷனர்ஸ் கோர்ட் கிளார்க்குக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன், பப்ளிக் காமென்ட்ல பேச சிட்டிசனா இருக்கணும்னு இல்லையாம், மீட்டிங்குக்கு முன்னாடி பேர் எழுதிக் குடுத்தா 3 நிமிஷம் தருவாங்களாம். திங்கக்கிழமை காலையில மீட்டிங், டைட்டில், நோட்டீஸ் காலம், முதல் வருஷ ரேட் மூணையும் எழுதி வச்சிருக்கேன். பார்வதி அக்கா, ஏஜென்ட் இன்னும் கோட் அனுப்பல, வந்ததும் இங்க போடுறேன்.