எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் விளக்கு மினுக்குகிறது: கரண்ட் எங்கே போகிறது?

நிலா_வீடு (கேள்வி)

வணக்கம். வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை, ஏசியும் கிடையாது. நாளுக்குச் சராசரி 7 யூனிட்டாக இருந்தது இப்போது 10 யூனிட்டைத் தொடுகிறது. இரவில் விளக்கு, ஃபேன் எல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் மீட்டரில் சிவப்பு விளக்கு 5 நொடிக்கு ஒருமுறை மினுக்குகிறது. முகப்பில் யூனிட்டுக்கு 3200 இம்பல்ஸ் (மினுக்கல்) என்று அச்சிட்டிருக்கிறது. அந்த நேரம் ஓடுவது ஃபிரிட்ஜ், வைஃபை ரூட்டர், செட்டாப் பாக்ஸ், பேட்டரியோடு இன்வர்ட்டர், இவ்வளவுதான். பழைய ஃபிரிட்ஜை மாற்றிவிடலாமா, அல்லது ஃபேன்களை பிஎல்டிசி (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வகை) ஆக்குவது முதலிலா? கீசர் பற்றியும் ஒரு சந்தேகம்: உள்ளே உப்புப் படிந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்கிறார்கள், உண்மையா?

மின்கணக்கு

எதையும் வாங்காதீங்க, முதல்ல அளந்துடுங்க. கையில மீட்டர் இருக்கு, அதுவே போதும்.

3200 இம்பல்ஸ் மீட்டர்ல ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் நடுவுல எத்தனை நொடின்னு பாருங்க. 1125-ஐ அந்த நொடியால வகுத்தா வாட்ஸ் வந்துடும். 5 நொடின்னா 225 வாட்ஸ். மத்தவங்களுக்கு: 1600 இம்பல்ஸ் மீட்டர்னா 2250-ஐ வகுக்கணும். ஒரே இடைவெளியை மட்டும் நம்ப வேண்டாம், பத்து மினுக்கலுக்கு நேரம் பார்த்து சராசரி எடுங்க.

225 வாட்ஸ் நாள் முழுக்க ஓடினா 5.4 யூனிட். நீங்க சொன்ன சாமான்களுக்கு இது ரொம்ப அதிகம். ஆனா இதுல ஃபிரிட்ஜ் குழப்பம் பண்ணும். கம்ப்ரசர் ஓடும்போது ஒரு அளவு, நின்னா வேற அளவு. ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்னா பனி உருக்கும் ஹீட்டர் கொஞ்ச நேரம் நூறு, இருநூறு வாட்ஸ் இழுக்கும். அந்த நேரம் பார்த்து அளந்தா கணக்கு தப்பும். அதனால இந்த வரிசையில பண்ணுங்க:

1. ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழட்டி அளங்க. அரை மணி நேரம் மூடியே இருந்தா உள்ளே எதுவும் கெடாது.
2. ரூட்டர், செட்டாப் பாக்ஸ் பிளக்கையும் கழட்டி அளங்க.
3. கடைசியா இன்வர்ட்டருக்கு வர்ற மெயின் சப்ளையை மட்டும் நிறுத்தி அளங்க.

இந்த வரிசை மாறக் கூடாது. இன்வர்ட்டர் சப்ளையை முதல்ல நிறுத்தினா அதோட லைன்ல இருக்கிற ரூட்டர் மாதிரி சாமானெல்லாம் பேட்டரிக்குப் போயிடும். அதுங்க இழுக்கிறதும் மீட்டர்ல குறையும், பழி இன்வர்ட்டர் மேல விழும்.

எல்லாம் கழட்டியும் மினுக்கினா, மெயின் போர்டுல ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிற எம்சிபி சுவிட்சை ஒண்ணொண்ணா இறக்கிப் பாருங்க. எதை இறக்கினதும் நிக்குதோ அந்த லைன்லதான் மறந்துபோன சாமானோ எர்த் கசிவோ (கரண்ட் தரைக்கு வழிஞ்சு போறது) இருக்கு. 0.3 ஆம்பியர் கசிஞ்சாலே 230 வோல்ட்ல 69 வாட்ஸ். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தா தானா அணையிற சுவிட்ச்) இருக்கிற வீட்ல அது அப்பவே விழுந்திருக்கும். இல்லாத வீட்ல பணம் மட்டும் இல்லை, உயிருக்கே ஆபத்து. அதைத் தேடுறதை எலக்ட்ரீஷியன் கிட்ட விட்டுடுங்க.

குளிர்பெட்டி_ராணி

ஃபிரிட்ஜை மாற்றும் முன் மூன்று விஷயம் பாருங்கள்.

கதவு ரப்பர்: ஒரு தாளை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் வெளிக்காற்று நுழைகிறது. நான்கு பக்கமும் சோதிக்க வேண்டும், கீல் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பல சமயம் அழுக்குதான் காரணம்; வெதுவெதுப்பான சோப்பு நீரில் துடைத்தாலே சரியாகும். வளைந்து போயிருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம்.

பின்பக்கக் கம்பிவலைச் சுருள்: பிளக்கைக் கழற்றிவிட்டுத் தூசியைத் தூரிகையால் எடுங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னால் இழுங்கள். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அந்தச் சுருள் வெளியே தள்ள முடியாவிட்டால் கம்ப்ரசருக்கு ஓய்வே இருக்காது.

ஃப்ரீசரில் பனி அரை சென்டிமீட்டர் தடிமனானால் உருக்கிவிடுங்கள். கத்தியால் சுரண்டவே கூடாது, குழாய் ஓட்டையானால் வாயு போய்விடும். கீழ் அறை 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி இருந்தால் போதும், அதற்குக் கீழே இறக்குவது வீண்.

பிறகு ஒரு மணி நேரம் கதவைத் திறக்காமல் கம்ப்ரசர் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பாருங்கள். நிற்காமல் ஓடினால் பழுது இருக்கிறது என்று பொருள். இன்வர்ட்டர் கம்ப்ரசர் உள்ள ஃபிரிட்ஜுக்கு (பேட்டரி இன்வர்ட்டர் வேறு) இந்தச் சோதனை பொருந்தாது. அது மெதுவான வேகத்தில் நெடுநேரம் ஓடும்படிதான் செய்யப்பட்டது.

வெந்நீர்_தொட்டி

கீசர் கேள்விக்கு மட்டும் பதில். உப்புப் படிந்தால் கரண்ட் கூடும் என்பது பெரும்பாலும் தவறு. எலிமெண்ட் (சூடாக்கும் கம்பி) தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அதன் வெப்பம் தாமதமாகவாவது தண்ணீருக்குத்தான் போகும். உப்பால் வரும் கேடு வேறு: வெப்பம் வெளியேற வழியில்லாமல் எலிமெண்ட் சூடேறி வெடித்துவிடும், பிறகு எர்த் கசிவு தொடங்கும். அதனால் உப்பு நீக்குவதும், தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ஆனோடு தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் தேவைதான்.

காசு போவது சுவிட்சை அணைக்காமல் விடுவதில். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்த 0.44 யூனிட் போதும். 2000 வாட்ஸ் கீசருக்கு அது 13 நிமிட வேலை. குளிப்பதற்குக் கால் மணி முன்னால் போட்டு, உள்ளே நுழையும்போது அணைத்துவிடலாம்.

நிலா_வீடு

மிக்க நன்றி. சொன்ன வரிசைப்படியே அளந்தேன். ஃபிரிட்ஜைக் கழற்றியதும் 7.5 நொடி. ரூட்டரும் செட்டாப் பாக்ஸும் கழற்றியபின் 8.6 நொடி. இன்வர்ட்டர் சப்ளையை நிறுத்தியதும் மினுக்கலே இல்லை. பேட்டரியைத் தொட்டால் சூடாக இருக்கிறது, அதற்குத் தண்ணீரும் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கிறது.

மின்கணக்கு

அப்ப திருடன் மாட்டிக்கிட்டான். 8.6 நொடின்னா 131 வாட்ஸ், நாளுக்கு 3 யூனிட்டுக்கு மேல. பில்லுல ஏறினது அதேதான். பேட்டரி நிறைஞ்ச நல்ல இன்வர்ட்டர் பத்து, இருபது வாட்ஸுக்குள்ள அடங்கிடும்.

12 வோல்ட் பேட்டரிக்குள்ள ஆறு செல். ஒண்ணு செத்துட்டா மொத்த வோல்டேஜ் ஏறாது. ‘இன்னும் நிறையலை’ன்னு சார்ஜர் கரண்டைக் குறைக்காம தள்ளிக்கிட்டே இருக்கும். மீதி அஞ்சு செல்லும் கொதிச்சு தண்ணியைக் காலி பண்ணும். சூடும் தண்ணிச் செலவும் அதோட அடையாளம்.

உறுதிப்படுத்த, சார்ஜரையும் லோடையும் துண்டிச்சு ஒரு ராத்திரி விட்டு மல்டிமீட்டர்ல பாருங்க. 12.6 பக்கம் இருந்தா நல்லது. 10.5 பக்கம் நின்னா ஒரு செல் போயிடுச்சு. ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி அளக்கிற கருவி) கிடைச்சா இன்னும் தெளிவு: ஒரு செல் மட்டும் மத்ததை விட 0.050-க்கு மேல குறைஞ்சிருந்தா அதுதான் செத்த செல். அதுக்கு வைத்தியம் கிடையாது, ஆசிட் ஊத்திச் சரிபண்ண நினைக்காதீங்க, பேட்டரியைத்தான் மாத்தணும். ஆறு செல்லும் சரியா இருந்தா கோளாறு சார்ஜர் போர்டுல. அதை மெக்கானிக் கிட்ட காட்டுங்க.

ஃபேன் மாத்துறது ரெண்டாவது. சாதா ஃபேன் 75 வாட்ஸ், பிஎல்டிசி 30 வாட்ஸ்னு வெச்சா 15 மணி நேரத்துக்கு 0.67 யூனிட் மிச்சம். ஆனா அது முழு வேகத்துக்கான கணக்கு. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்ல மெதுவா ஓட்டுற வீட்ல மிச்சம் குறையும். அதிகம் ஓடுற ஃபேனை மட்டும் முதல்ல மாத்துங்க. பிஎல்டிசி போடும்போது பழைய ரெகுலேட்டரை லைன்ல இருந்து எடுத்துடணும், இல்லைன்னா ஃபேனுக்குள்ள இருக்கிற போர்டு போயிடும்.

குளிர்பெட்டி_ராணி

சகோதரி, 7.5 நொடி என்றால் 150 வாட்ஸ். நீங்கள் முதலில் அளந்த 225-இல் அதைக் கழித்தால் ஃபிரிட்ஜுக்கு 75 வாட்ஸ்தான். கம்ப்ரசர் ஓடும்போது இவ்வளவு என்றால் பயமில்லை. இடையிடையே நின்று ஓடினால் ஃபிரிட்ஜை மாற்றத் தேவையே இல்லை, ரப்பரையும் சுருளையும் சுத்தம் செய்தாலே போதும்.

மின்கணக்கு

பேட்டரியை நீங்களே கழட்டுறதா இருந்தா ஒரு விஷயம். முதல்ல இன்வர்ட்டர் சுவிட்ச், மெயின் சப்ளை ரெண்டையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைங்க; கொதிக்கிற பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்துல நெருப்பு கூடாது. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது பாசிட்டிவ் முதல்ல. புதுசு மாட்டி ஒரு நாள் முழுக்க சார்ஜ் ஆனதும் அதே மூணு படியில திரும்ப அளங்க. இன்வர்ட்டர் மட்டும் ஓடுற ரெண்டாவது படியில இடைவெளி ஒரு நிமிஷத்தைத் தாண்டணும். தாண்டலைன்னா இன்வர்ட்டர் மாடலோட இங்க எழுதுங்க, சார்ஜர் செட்டிங்கைப் பார்ப்போம்.