பழைய வீடியோ கேம் பெட்டி: ட்யூபை வச்சுக்கலாமா, எல்சிடிக்கு மாத்தலாமா?

டெல்டா_ஜாய்ஸ்டிக்

மன்னார்குடியில் மூடிப்போன ஒரு கேம் கடையில் கிடந்த பெட்டி. நின்னுக்கிட்டு ஆடுற மாடல், 20 இன்ச் பிக்சர் ட்யூப், ரெண்டு ஜாய்ஸ்டிக், ஆளுக்கு மூணு பட்டன். உள்ளே 56 பின் ஜாமா கனெக்டரில் ஒரு கேம் போர்டு மாட்டியிருக்கு. அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை ஊறி உப்பியிருக்கு. இன்னும் கரண்ட் கொடுக்கலை. கேம் ஓட்ட ராஸ்ப்பெரி பை 4-ன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் கையில் இருக்கு. ட்யூபைத் தூக்கிட்டு எல்சிடி போட்டுடலாமா, இருக்கிறதையே ஓட வைக்கலாமா? காசு போட்டு ஆடுற மாதிரியே இருக்கணும். விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

சால்டர்_குடந்தை

கரண்ட் கொடுக்காம விட்டியே, அது நல்லது தம்பி. ட்யூபைப் பத்தி இப்பவே முடிவு பண்ணாதே, சோதிச்சுட்டு முடிவு பண்ணு. ஜாமா ஒயரிங்கை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெட்டாதே. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு அது, இன்னைக்கும் போர்டைக் கழட்டி வேற போர்டைச் சொருகினா ஓடும்.

பிளக்கைப் பிடுங்கிட்டுப் பின்கதவைத் திற. ட்யூப் முதுகில் ரப்பர் மூடி போட்ட தடிச்ச ஒயர் இறங்கும். ஓடும்போது அதில் 20,000 வோல்ட்டுக்கு மேலே, ஆஃப் பண்ண பிறகும் மிச்சம் தங்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட நீளமான ஸ்க்ரூ டிரைவர் எடு. அதன் கம்பியில் ஒரு கிளிப் ஒயர் மாட்டி, மறுமுனையை ட்யூபைச் சுத்தி ஓடுற பின்னல் எர்த் கம்பியில் மாட்டு. போர்டு கிரவுண்டில் மாட்டினா சேசிஸில், அதாவது ட்யூபை ஓட்டுற சர்க்யூட்டில் இருக்கிற ஐசி போயிடும். ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கிட்டு, இன்னொரு கையால் ரப்பர் மூடிக்கு அடியில் முனையை நுழை. பத்து நிமிஷம் விட்டு இன்னொரு தடவை செய். சேசிஸில் இருக்கிற பெரிய கண்டென்சரும் 325 வோல்ட் வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கும், அதை மீட்டரில் பார். ட்யூபின் கழுத்தில் கை படவே கூடாது. அது உடைஞ்சா ட்யூப் முடிஞ்சது.

அடுத்து மானிட்டருக்கு எத்தனை வோல்ட்னு லேபிளைப் பார். நிறைய சேசிஸ் 100-110 வோல்ட்டுக்குச் செஞ்சது, நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். அது வோல்ட்டைக் குறைக்க மட்டும் இல்லை, லைனிலிருந்து சேசிஸைப் பிரிச்சு வைக்கவும்தான். யாரோ அதைக் கழட்டிட்டு நேரடியா 230 கொடுத்திருந்தா அப்படியே ஆன் பண்ணிடாதே. மூணு பின் பிளக்கின் எர்த் ஒயர் காயின் கதவுக்கும் பட்டன் தகட்டுக்கும் போகுதான்னும் பார்.

எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கேம் போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையைத் தனியா சோதிக்கணும். கேம் போர்டைக் கழட்டிட்டு 5 வோல்ட் லைனில் 5 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா 1 ஆம்பியர் லோடு. அதில் 5.0-லேருந்து 5.1 நின்னா சரி. பழைய போர்டில் இருக்கிற டிடிஎல் வகை சிப்புக்கு எல்லை 4.75-லேருந்து 5.25 வரைதான்.

அதெல்லாம் தேறினப்புறம் மானிட்டருக்குக் கரண்ட் கொடு. கழுத்தில் ஆரஞ்சு வெளிச்சம் தெரிஞ்சா ஹீட்டர் உயிரோட இருக்கு. திரை நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு படுத்துக் கிடந்தா வெர்ட்டிகல் பகுதி போயிருக்கு. உடனே ஆஃப் பண்ணு, விட்டா திரையின் பாஸ்பர் பூச்சில் கோடு சுட்டு நிரந்தரமா நின்னுடும். படம் மேலே மடிஞ்சு விழுந்தா பெரும்பாலும் வெர்ட்டிகல் பக்கத்துக் கண்டென்சர்தான். எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் எல்லாத்தையும் ஒரே மூச்சில் மாத்திடு: 105 டிகிரி தாங்குறது, அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதே அல்லது கூட.

போர்டில் பேட்டரி இருந்து பச்சை பூத்திருந்தா, பேட்டரியை வெட்டி எடுத்துட்டு வினிகர் தொட்ட பிரஷ்ஷால் தேய், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தாமதிச்சா செம்பு லைனையே தின்னுடும்.

தச்சு_மாயவரம்

உப்பினது துகள் பலகைன்னா காயவச்சு ஒரு புண்ணியமும் இல்லை. நம்ம பக்கம் தரையிலேருந்து ஓதம் ஏறிக்கிட்டே இருக்கும், மேலே பெயின்ட் அடிச்சா உள்ளுக்குள்ளே இத்துப்போகும். உப்பினதுக்கு மேலே நாலு விரல் நல்ல பலகையும் சேர்த்து, நேர்க்கோட்டில் அறுத்து எடுத்துடுங்க. புதுத் துண்டுக்கு ஐஎஸ் 710 முத்திரை போட்ட, தண்ணி தாங்குற பிளைவுட். கனம் 16-ஆ 18-ஆன்னு முதல்ல அளந்துக்குங்க, ரெண்டு மில்லி வித்தியாசம் வந்தாலும் மேலே ஒட்டுற சன்மைக்காவில் வரப்பு மாதிரி தெரியும். மூட்டுக்கு உள்பக்கம் ரீப்பர் வச்சு, பசையும் ஸ்க்ரூவுமாப் பிடிக்கணும். அறுத்த ஓரத்துக்கு ரெண்டு கை பிரைமர், முக்கியமா தரைப் பக்கம். அடியில் 5 சென்டிமீட்டர் ரப்பர் புஷ் போட்டுத் தூக்கிடுங்க.

கரையான் மண்கோடு இருக்கான்னு உள்மூலையில் டார்ச் அடிச்சுப் பாருங்க. கரையானுக்கு அடிக்கிற போராக்ஸ் கரைசல் பூச்சு இல்லாத வெறும் மரத்தில்தான் இறங்கும், பெயின்ட்டுக்கு மேலே அடிச்சா வீண். பின்கதவுக் காத்துத் துவாரத்துக்கு 6 மில்லி இரும்பு வலை. ஒயர் இன்சுலேஷன்னா எலிக்கு அவ்வளவு பிரியம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீங்க. பெயின்ட்டும் காயாது, பலகையும் ஈரம் குடிச்சுக்கும். மாசிக்கு மேலே வச்சுக்குங்க.

பை_மலைக்கோட்டை

ட்யூப் தேறினா அதையே வச்சுக்கங்க. ஆனா பை-யின் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ கன்வர்ட்டர் போட்டு நேரா கொடுத்துடாதீங்க. அது நொடிக்கு 31 ஆயிரம் கோடு வரையுற 31 கிலோஹெர்ட்ஸ் சிக்னல், இந்த மானிட்டர் 15.7. கோடு கோடா சாயும், கீச்சுன்னு சத்தம் வரும், ஹாரிசான்டல் டிரான்சிஸ்டர் எரியவும் செய்யும். ஜாமா கனெக்டரிலேயே சொருகுற பை போர்டு விற்குது, அது பை-யின் ஜிபிஐஓ பின் வரிசை வழியா 15 கிலோஹெர்ட்ஸ் கொடுக்கும். எந்த பை மாடலுக்கானதுன்னு பார்த்து வாங்குங்க.

எல்சிடிதான்னா பழைய ஆபீஸ் 19 இன்ச் சதுர மானிட்டர் தேடுங்க. 1280×1024, அதில் 4:3 படம் 1280×960-ஆ உட்காரும், மேலேயும் கீழேயும் 32 பிக்சல் கறுப்பு. அகலத்திரை போட்டா பெட்டியோட முகமே போயிடும்.

பட்டன் மைக்ரோ சுவிட்சில் மூணு கால் இருக்கும். காமன், என்ஓ (அழுத்தினாத்தான் இணையும்) ரெண்டுதான் வேணும். என்சியில் (அழுத்தாதப்ப இணைஞ்சிருக்கும்) மாட்டினா பட்டன் எப்பவும் அழுத்தின மாதிரியே இருக்கும். பேக்-மேன் மாதிரி கேமுக்கு ஜாய்ஸ்டிக் அடியில் இருக்கிற தகட்டை 4 திசைக்குத் திருப்பி வைங்க, 8-ல் விட்டா மூலை திரும்பவே திரும்பாது.

பை-க்குத் தனி 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர். 4.63-க்குக் கீழே போனா திரையில் மின்னல் குறி வந்து மந்தமாயிடும். சாயங்காலம் பம்ப் செட் ஓடுற நேரத்தில் லோ வோல்டேஜ் அடிக்குற ஊர்னா ஸ்டெபிலைசர் அவசியம். பொசுக்குன்னு கரண்ட் போனா எஸ்டி கார்டு கெட்டுப்போகும். பை-யின் செட்டிங்ஸ் மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் பண்ணுங்க, அப்புறம் கார்டில் எதுவும் எழுதாது, ஸ்கோரும் சேமிக்காது. எது வேணுமோ பார்த்துக்குங்க.

காசைச் சோதிச்சு வாங்குற காயின் மெக்கில் ஒரு வேடிக்கை இருக்கு. பழைய கடைப் பெட்டி அப்பத்திய 25 மில்லி ஒரு ரூபாய்க்கு வச்சதா இருந்தா, இப்போ இருக்கிற ஒரு ரூபாய் சின்னது, நழுவி வெளியே விழும். 2011-ல் வந்த ரெண்டு ரூபாய் அதே 25 மில்லி, அதே 4.85 கிராம். அதைப் போட்டுப் பாருங்க.

டெல்டா_ஜாய்ஸ்டிக்

நன்றி. ஹீட்டர் எரியுது, படமும் வருது! ஆனா கேம் அரை நிமிஷத்தில் தானா ரீசெட் ஆகுது. எஸ்எம்பிஎஸ் முனையில் 5.05, போர்டு ஓரத்தில் அளந்தா 4.6.

சால்டர்_குடந்தை

வழியில் 0.45 வோல்ட் தின்னுது. எஸ்எம்பிஎஸ்ஸில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகைத் தொடாதே. போர்டு ஓரத்தில் கனெக்டருக்குள்ளே போற தங்க விரல்களைப் பென்சில் ரப்பரால் மெதுவா தேய்ச்சு, ஆல்கஹாலால் துடை. கனெக்டரில் 3, 4, சி, டி பின்களைப் பார். பழுப்பா கருகியிருந்தா பிடி தளர்ந்திருக்கு, கனெக்டரையே மாத்து. 5 வோல்ட்டுக்கு ஒத்தை ஒயர் மட்டும் வந்து மத்த பின்னுக்குக் குதிச்சிருந்தா, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 1 சதுர மில்லி ஒயர் இன்னொண்ணு இழு. கிரவுண்டுக்கும் அதே மாதிரி: 1, 2, 27, 28. ஓரத்தில் 4.95 வந்தப்புறம்தான் மிச்சத்துக்குத் திருகைத் தொடலாம்.